நர்ஸ் பின்னால் ஒரு கிளார்க்

(ஆஸ்பத்திரி வார்டு. நர்ஸ்களின் நேரத்தைக் கட்டம் கட்டமாகக் குறிக்க, படிவத்துடன் ஒரு கிளார்க் சிஸ்டர் பின்னாலேயே வருகிறார்.)

கிளார்க்: சிஸ்டர், ஒரு நிமிஷமாக வாட்சையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். ‘சும்மா’ கட்டத்தில் போட்டுவிடவா?

சிஸ்டர்: ட்ரிப்ஸ் சொட்டு எண்ணுகிறேன் சார். 500 மில்லி பாட்டில், 8 மணி நேரம் ஓடவேண்டும். இந்த ட்யூப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. அப்படியென்றால் நிமிஷத்துக்கு 21 விழவேண்டும். நீங்கள் பேசியதில் கணக்கு விட்டுப்போச்சு. மறுபடியும் எண்ணவேண்டும்.

கிளார்க்: அப்போ சும்மா, 2 நிமிஷம்.

(அடுத்த கட்டில்.)

கிளார்க்: பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, இது ஆறுதலா? ஆறுதலுக்குக் கட்டம் இல்லை. சும்மாவிலேயே போடுகிறேன்.

(படிவம் தயாரித்தவர் வார்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்று தெரிகிறது.)

சிஸ்டர்: மூச்சு எண்ணுகிறேன் சார். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும். அதனால்தான் நாடி பார்க்கிற மாதிரி...

பெரியவர்: மூச்சா எண்ணுறே தாயி? இந்தா! (இழுத்து இழுத்து விடுகிறார்.)

சிஸ்டர்: போச்சு.

கிளார்க்: சும்மா, இன்னும் ஒரு நிமிஷம். அப்புறம், கட்டிலுக்குக் கட்டில் நடக்கிறீர்களே, அந்த நேரம்?

சிஸ்டர்: பறந்து போகட்டுமா? றெக்கைக்கு இன்டென்ட் போட்டு வாங்கிக் கொடுங்கள்.

கிளார்க்: கோபப்படாதீர்கள் சிஸ்டர். நர்ஸ்களின் நேரமெல்லாம் எங்கே போகிறது என்று பார்க்கத்தானே என்னை அனுப்பினார்கள்.

சிஸ்டர்: நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் ஒரு ஷிஃப்டில் 9 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. இங்கே 40 கட்டில், தரையில் பாய் போட்டு ஆறு பேர். பார்ப்பதற்கு நாங்கள் இரண்டே பேர். அதிலும் இன்னொரு சிஸ்டர் காலையிலிருந்து உங்கள் ஆபீஸ் கேட்ட புள்ளிவிவரத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்.

கிளார்க்: அதற்குக் கட்டம் இருக்கிறது! ‘பணி’.

சிஸ்டர்: சரிதான். உட்கார்ந்து எழுதினால் பணி, ஊசி எடுத்துக்கொண்டு ஓடினால் சும்மா.

கிளார்க்: ஓட்டத்தை வேண்டுமானால் ‘இதர’ என்று போடலாம்...

சிஸ்டர்: பதினேழாம் கட்டிலில் பாட்டில் தீரப்போகிறது. வழி விடுங்கள்.

கிளார்க்: சிஸ்டர், கொஞ்சம் மெதுவாகப் போங்கள். எழுத முடியவில்லை!