தயிரை விட்டுவிட்டீர்களே!

உங்கள் வேதியியல் தொடரில் கார்பாக்சிலிக் அமிலத்துக்கு (கார்பாக்சில், அதாவது COOH என்ற அணுத்தொகுதி கொண்ட அமிலம்) எறும்புக்கடி, வினிகர் என்று உதாரணம் சொன்ன ஐயா, தயிரை விட்டுவிட்டீர்கள். அதைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமிலமும் இந்த வகைதான். நீலகிரி மலையூரான கோத்தகிரியில் டிசம்பர் ராத்திரி உறை ஊற்றிப் பாருங்கள். விடிந்து மூடியைத் திறந்தால் பால் பாலாகவே கிடக்கும். குளிரில் பாக்டீரியா சுணங்கிவிடும், லாக்டிக் அமிலம் போதிய அளவு ஊறாது. அம்மா பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அடுப்போரம் வைப்பார். காலையில் கரண்டி நட்டால் நிற்கும்! கார்பாக்சில் தொகுதி விட்டுக்கொடுக்கும் ஹைட்ரஜன் அயனி, பாலிலுள்ள கேசீன் புரதத்தின் எதிர்மின்னூட்டத்தைக் குறைக்கிறது. பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் திரண்டு இறுகுகிறது. 1780-ல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தது இந்த லாக்டிக் அமிலத்தைத்தான். மேடு ஏறும்போது நம் தசையில் உருவாகும் லாக்டேட்டும், ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுத்த இதன் வடிவம்தான்; அதை இதயம் எரிபொருளாக்கிக்கொள்கிறது. அடுத்த பகுதியில் இதையும் அவசியம் எழுதுங்கள்.