ஜீன்ஸ் வேண்டாம் என்று சொன்னது குற்றமா?

நேற்றைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் முறையாகப் பனி பார்க்கப் போகும் தம்பி என்ன துணி எடுத்துப் போவது என்று கேட்டார். "ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம்" என்று தொடங்கி ஒரு பட்டியல் எழுதினேன். அவ்வளவுதான். "ஏன், எவரெஸ்ட் ஏறப் போறாரா?" என்று அண்ணன் ஒருவர் ஆரம்பிக்க, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "ரெண்டு ஸ்வெட்டரை மாட்டிட்டு ஜாலியா போய்ட்டு வாங்க" என்ற அவருடைய அறிவுரைக்கு மட்டும் இதயங்கள் குவிந்தன.

சரி, சிரித்து முடித்தாயிற்றா? மறுபடியும் சொல்கிறேன். பருத்தி வேண்டாம்.

குளிரைத் தடுப்பது துணியின் கனம் அல்ல, இழைகளுக்குள் சிக்கி நிற்கும் காற்று. பருத்தி நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு சூட்டைக் கடத்தும். நனைய மழையெல்லாம் வேண்டாம், பனியில் கொஞ்சம் ஓடியாடினால் வரும் வியர்வையே போதும். அதனால்தான் உடம்பை ஒட்டிக் கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் (குளிருக்கான உள்ளாடை), அதற்கு மேல் ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். வேர்த்தால் நடுவில் இருப்பதைக் கழற்றிவிடலாம். இரண்டு ஸ்வெட்டர் போட்டால் காற்று அதன் ஓட்டை வழியே உள்ளே வந்து நலம் விசாரிக்கும்.

"நான் ஜீன்ஸில்தான் போனேன், செத்தா போனேன்?" என்கிறார் இன்னொருவர். வெயில் நாளில் காரைவிட்டு இறங்கி நாலு படம் எடுத்துவிட்டு ஏறியவருக்கு அரைக்கால் சட்டைகூடப் போதும்.

"எல்லாம் வாடகைக்குக் கிடைக்குமே?" நியாயம்தான். ஜாக்கெட், பூட்ஸ் இரண்டையும் பல இடங்களில் வாடகைக்கு எடுக்கலாம், எடுங்கள். அடுத்தவர் போட்ட சாக்ஸையும் எடுப்பீர்களா?

கறுப்புக் கண்ணாடி என்று எழுதியதற்கு "வந்துட்டார் ஹீரோ" என்று ஒரு கிண்டல். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும் ஐயா. கண் உங்களுடையது.

நான் ஒன்றும் தெர்மலோடு பிறந்தவன் இல்லை. முதல் பயணத்தில் ஜீன்ஸ் போட்டுப் பனியில் சறுக்கியவன்தான். அரை மணி நேரத்தில் பின்பக்கம் ஊறி, அப்புறம் தகரம்போல விறைத்துவிட்டது. குளிருமே என்று இரண்டு ஜோடி சாக்ஸை இறுக்கமான ஷூவுக்குள் திணித்திருந்தேன். ரத்தம் ஓட இடமில்லாமல் கால்விரல் மரத்துப்போனதுதான் மிச்சம்.

என்னை விடுங்கள். அம்மாவுக்கு நான் எடுத்துப் போனது பின்னல் கம்பளிக் கையுறை. ஒரே ஒரு பனியுருண்டை பிடித்தார், சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. "குளிருதாம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா, நீங்க விளையாடுங்க" என்றார். நானும் நம்பி விளையாடினேன். அன்று ராத்திரி ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவர் கை நடுங்கியது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அவருக்கு ஈரம் புகாத, விரல் பிரியாத கையுறை வாங்கினேன். விரல்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தால் சூடு தங்கும். இதைத்தான் நேற்று எழுதினேன். "குழந்தைங்க போடுற கையுறை" என்றார்கள்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று இப்போது யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். தெரியாதவர் சிரித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. போன வருஷம் என்னிடமே பட்டியல் வாங்கிக்கொண்டு போய், "நீங்க சொல்லலைன்னா செத்திருப்போம்" என்று செய்தி அனுப்பிய இரண்டு பேர் அந்த எவரெஸ்ட் நக்கலுக்கு இதயம் போட்டிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

அதில் ஒருவரிடம் அம்மாவின் அந்தக் கையுறை இன்னும் இருக்கிறது. சிரித்து முடித்ததும் திருப்பி அனுப்பிவிட்டால் நல்லது.