தரவு ஆசிரியரின் கைக்கு எப்போது வருகிறது?

மாணவர் தரவுகளைப் பகுத்தாய்ந்தால் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) முழுவதும் கற்பித்தல் மேம்படும் என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது; அந்தக் கருத்தை ஏற்கிறேன். ஆனால் எந்தத் தரவு, யாருக்கு, எப்போது கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். ஆண்டிறுதித் தேர்வின் முடிவு வரும்போது, மாணவர் பெரும்பாலும் அந்த ஆசிரியரிடமிருந்து விடைபெற்றுச் சென்றிருப்பார்.

சிகாகோ பொதுப் பள்ளிகள் 9ஆம் வகுப்பில் பின்பற்றும் அளவுகோல் எளிமையானது: ஆண்டு முடிவில் 5 கிரெடிட்டுகள் (பாடங்களில் தேர்ச்சி பெற்றால் கிடைக்கும் புள்ளிகள்) இருக்க வேண்டும், முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் கூடாது. இதை எட்டியவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, எட்டாதவர்களைவிடப் பல மடங்கு அதிகம் எனச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் காட்டினர். தோல்விகள் ஆண்டின் நடுவிலேயே தெரிந்துவிடுவதால், ஆசிரியர் தலையிடவும் நேரம் கிடைக்கிறது.

வகுப்பறைக்குள் இன்னும் நுணுக்கம் தேவை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என எழுதும் குழந்தை, தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டியிருக்கிறது. 60 சதவீதம் என்ற மொத்த மதிப்பெண் இதை ஒருபோதும் சொல்லாது. ஆகவே மாவட்ட நிர்வாகம் மென்பொருளுக்குச் செலவிடும் முன், ஆசிரியர்கள் சேர்ந்தமர்ந்து விடைத்தாள்களைப் படிக்க வாரந்தோறும் நேரம் ஒதுக்கட்டும். அந்தத் தரவு அவர்களைத் தரவரிசைப்படுத்தப் பயன்படாது என்றும் எழுத்தில் உறுதியளிக்கட்டும்.