சிஸ்டம்32-இல் கைவைக்காதீர்கள்

"கணினி மெதுவாகிவிட்டதா? சி டிரைவில் சிஸ்டம்32 கோப்புறையை அழியுங்கள், வைரஸ் போகும், இடமும் கிடைக்கும்" என்றொரு செய்தி சுங்கை சிப்புட் பக்கத் தோட்டப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது. தவறு. அது வைரஸ் அல்ல. விண்டோஸ் இயங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் இடம். அழித்தால் கணினி திறக்காமலே போகலாம். பழைய புரளிதான், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது.

இடத்தை அடைப்பது பெரும்பாலும் தைப்பூசக் காவடி, கல்யாண வீடியோக்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அப்புறம் ஸ்டோரேஜ் திறந்தால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். வேண்டியதை வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துவிட்டு அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால்தான் இடம் திரும்பும். அதே ஸ்டோரேஜ் பக்கத்தின் தற்காலிகக் கோப்புகள் பட்டியலில், நீங்கள் இறக்கி வைத்த கோப்புகள் இருக்கும் டவுன்லோட்ஸும் இருக்கும். டிக் போடுமுன் பாருங்கள். மைக்ரோசாப்டின் உதவிப் பக்கங்களிலேயே சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.