பூஞ்சணத்தின் மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னவர்கள்

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற குழந்தை இறந்தான். இரண்டு வயது முடிந்து எட்டே நாள். அவன் பிறப்பதற்கு முன்பே, 2017இல், வீட்டில் பூஞ்சணம் படர்வதாக அப்பா முறையிட்டிருந்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள், வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டு நிறுவனத்தார். 2020 ஜூலையில் குடும்பத்தைக் கவனித்துவந்த சுகாதாரப் பணியாளரும் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். சுவர் அப்படியே கிடந்தது. பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த கடும் சுவாச நோய்தான் அவனைக் கொன்றது என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சூடானிலிருந்து வந்த குடும்பம், அவர்கள் குளிக்கும் விதத்தால்தான் வீட்டில் ஈரம் என்று அந்த வீட்டு நிறுவனம் தானாகவே ஊகித்துக்கொண்டது. அது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள், பிள்ளை போன பிறகு.

லண்டனில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. நிறைய சமைக்கிறீர்கள், உள்ளே துணி காயப்போடுகிறீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எங்கள் வீட்டுக்காரரும் இதைத்தான் சொன்னார். சமையல் ஆவி ஈரம் சேர்க்கும், உண்மைதான். ஆனால் மழைநீர் கசியும் சுவரும், ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேனும், ஹீட்டர் போடவே பயப்பட வைக்கும் பில்லும் யார் பழக்கத்தால் வந்தவை?

"பூஞ்சணத்தால் நோய் வரும் என்று அறிவியல் இன்னும் நிரூபிக்கவில்லையே" என்பது அடுத்த தப்பித்தல். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1993-94இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. வீடுகளில் இருந்த ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கரும் பூஞ்சணத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. 2000இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆய்வை மறுபடி அலசி, தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. "நிரூபணமாகவில்லை" என்பதை "பாதிப்பே இல்லை" என்று ஆக்கிக்கொண்டவர்களிடம்தான் எனக்குக் கோபம். 2004இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) வெளியிட்ட அறிக்கை, ஈர வீடுகளுக்கும் இருமல், இழுப்பு, ஆஸ்துமா உபாதைகளுக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று உண்டு என்று எழுதியது. 2009இல் உலக சுகாதார நிறுவனம், இவ்வளவு பூஞ்சணம் வரை பரவாயில்லை என்று ஓர் எல்லை எண் சொல்ல முடியாது, ஈரத்தையே தடுக்க வேண்டும் என்றது.

பூஞ்சண நச்சால் மறதி, தீராத களைப்பு, உடல்வலி வருகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னும் உறுதியான விடை இல்லை. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2018இல் இதை விசாரித்து, மேலும் ஆராய்ச்சி தேவை என்றே பரிந்துரைத்தது. அந்த நோயாளிகளை "எல்லாம் மனப்பிரமை" என்று அனுப்புவது கொடுமை. அவர்களின் தவிப்பைப் பிடித்துக்கொண்டு விலையுயர்ந்த பரிசோதனைகளை விற்பதும் கொடுமைதான். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். ஆனால் அந்த விடை வரும்வரை சுவரைச் சரிசெய்யாமல் இருக்க ஒரு காரணமும் கிடையாது.

அவாப் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் (கவுன்சில் எனும் உள்ளாட்சி மன்றமும், ஹவுசிங் அசோசியேஷன் எனும் லாப நோக்கமற்ற வீட்டு அமைப்பும் வாடகைக்கு விடுபவை) நடைமுறைக்கு வந்துவிட்டது. உடனடி ஆபத்தான நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. ஈரமும் பூஞ்சணமும் கணிசமாக இருந்தால் 10 வேலை நாள்களுக்குள் ஆய்வு, அது முடிந்து 5 வேலை நாள்களுக்குள் வீடு பாதுகாப்பாக்கப்பட வேண்டும். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவர்கள் வாயால் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். தேதியோடு படம் எடுங்கள், எழுத்தில் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஜிபியாக (குடும்ப மருத்துவராக) இருக்கும் நம் தமிழ் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். இழுப்போடு ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப வந்தால், இன்ஹேலர் எழுதும் முன் "வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதிலைக் குறிப்பில் எழுதுங்கள். தாய் தகப்பன் கேட்டால் அதையே கடிதமாகக் கொடுங்கள்.