வெள்ளரியை வீசியடித்த குரங்கும் எங்கள் தெருச் செவலையும்

மே தினம் வந்தால் அந்தக் குரங்கு வீடியோவும் வந்துவிடும். இந்த வருடம் எனக்கு மூன்று வாட்ஸப் குழுக்களிலிருந்து வந்தது. பார்த்திருப்பீர்கள். அடுத்தடுத்த கூண்டில் இரண்டு கபூச்சின் குரங்குகள். உள்ளே கிடக்கும் கல்லை எடுத்து ஆய்வாளர் கையில் கொடுத்தால் தீனி. முதல் குரங்குக்கு வெள்ளரித் துண்டு, அது பாட்டுக்குத் தின்கிறது. பக்கத்துக் குரங்கு அதே மாதிரிக் கல்லைக் கொடுத்துத் திராட்சை வாங்குகிறது. அதைப் பார்த்ததும் முதல் குரங்குக்கு வெள்ளரி கசந்துவிட்டது. வாங்கிய துண்டை அந்த அம்மா மேலேயே வீசியடித்துவிட்டுக் கூண்டைப் பிடித்து உலுக்குகிறது. கீழே யாராவது எழுதியிருப்பார்கள்: "குரங்குக்கே தெரியுது, நமக்கு?"

நானும் அதை நாலு தடவை பகிர்ந்தவன்தான். இனிமேல் மாட்டேன் என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும்.

அந்தச் சோதனை ஒன்றும் பொய்யில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராயும் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் யெர்க்கஸ் ஆய்வு மையத்தில் செய்தது. 2003ல் நேச்சர் இதழில் வந்தது. கட்டுரைத் தலைப்பே 'குரங்குகள் சமமற்ற கூலியை மறுக்கின்றன' என்ற தோரணையில்தான் இருந்தது. டி வால் பிறகு தன் டெட் உரையில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, வால் ஸ்ட்ரீட் போராட்டம் (பணக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியை எதிர்த்து அமெரிக்காவில் நடந்தது) மாதிரி இருக்கிறது பாருங்கள் என்று சொல்ல, அரங்கமே சிரித்தது. அதோடு குரங்கு உலகத் தொழிலாளியாகிவிட்டது.

ஆனால் அந்த முதல் ஆய்வில் இருந்தவை ஐந்தே பெண் குரங்குகள். பக்கத்தில் குரங்கே இல்லாமல், காலி இடத்தில் திராட்சையை மட்டும் வைத்தபோதும் வெள்ளரியை ஒதுக்கியிருக்கின்றன. அப்படியென்றால் கோபம் பக்கத்துக்காரி மேலா, கண்ணுக்கு எதிரே இருந்தும் கைக்கு வராத திராட்சை மேலா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருபது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். சிம்பன்சிகளில் சில சமயம் திராட்சை வாங்கிய சிம்பன்சியே, துணைக்கு வெறும் கேரட்தான் என்று கண்டு திராட்சையை மறுத்ததாகப் பிராஸ்னன் குழு 2010ல் எழுதியது. வேறு குழுக்கள் தேடியபோது நியாய உணர்வு என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. 2024ல் பதினெட்டு விலங்கினங்கள் மேல் நடந்த இந்த மாதிரிச் சோதனைகளின் தரவையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கணக்குப் போட்டவர்கள், சமத்துவமின்மையை விலங்குகள் வெறுக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 2017ல் யான் எங்கெல்மன் குழு சிம்பன்சிகளை வைத்துச் செய்தது. மட்டமான தீனியை ஒரு தடவை மனிதர் கையால் கொடுத்தார்கள், ஒரு தடவை இயந்திரத்தை விட்டுக் கொடுக்கவைத்தார்கள். மனிதர் கொடுத்தபோதுதான் சிம்பன்சிகள் அதிகமாக மறுத்தன. இயந்திரம் தள்ளிய மட்டத் தீனியைப் பெரும்பாலும் வாங்கித் தின்றுவிட்டன. இயந்திரத்திடம் என்ன எதிர்பார்ப்பு? கை என்றால் எதிர்பார்ப்பு உண்டு. "அவளுக்குக் கொடுத்தியே" என்பதைக் காட்டிலும் "நல்லது கையில் இருந்தும் எனக்கு இதைத்தான் கொடுப்பியா" என்கிற மனத்தாங்கல். இதை நியாயம் என்று எடுத்துக்கொண்டு போய் மே தினத்தில் ஒட்டுவது நம் வசதி.

நாய்க்கு வருவோம். வியன்னாவில் ஃப்ரீடெரிகே ராங்கெயும் கூட்டாளிகளும் 2009ல் செய்த சோதனை. இரண்டு நாய்கள் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் கை கொடுக்க வேண்டும். ஒன்றுக்குத் தீனி, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் கிடைக்காத நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. தனியாக இருந்து தீனி கிடைக்காதபோது இவ்வளவு சீக்கிரம் நிறுத்தவில்லை. ஆனால் ஒன்றுக்கு ரொட்டி, இன்னொன்றுக்குச் சாசேஜ் என்று கொடுத்தால் நாய் கண்டுகொள்ளவே இல்லை. கிடைத்ததா, போதும். (வீட்டில் நானும் முயன்றேன். நாய்கள் இரண்டு. ஒன்று பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது, இன்னொன்று தூங்கிவிட்டது. அறிவியல் அவ்வளவு சுலபமில்லை.)

சரி, நாய்க்கு நாய் ஒத்துழைக்குமா? என் பெரியம்மா சொல்வார், "காக்காவுக்குப் போட்டா ஊரைக் கூப்பிடும், நாய்க்குப் போட்டா கவ்விக்கிட்டு ஓடும்" என்று. வியன்னா பக்கம் எர்ன்ஸ்ட்புருன் ஊரில் ஓநாய் ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. குட்டியிலிருந்து ஒரே மாதிரி கையால் வளர்த்த ஓநாய்களும் நாய்களும் அங்கே தனித்தனிக் கூட்டமாக வாழ்கின்றன. கம்பிக்கு அந்தப் பக்கம் தீனித் தட்டு. வளையங்கள் வழியாக ஒரே கயிறு, அதன் இரண்டு முனை மட்டும் இந்தப் பக்கம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் தட்டு வரும். ஒருவர் மட்டும் அவசரப்பட்டால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும், தட்டு அங்கேயே. 2017ல் வந்த முடிவு: ஏழு ஓநாய் ஜோடிகளில் ஐந்து ஒரு தடவையாவது தட்டை இழுத்துவிட்டன. எட்டு நாய் ஜோடிகளில் ஒன்றே ஒன்று.

"நாய் ஒற்றுமையில்லாத ஜென்மம்" என்று முடித்துவிடாதீர்கள். ஓநாய் பெரிய மிருகத்தை அடிக்கக் கூட்டு வேண்டும். தெருநாய்க்குக் குப்பைத்தொட்டியைக் கிளறக் கூட்டு எதற்கு, இடைஞ்சல்தான். வீட்டு நாய்களுக்குப் பொறுமையாகப் பழக்கினால் இதே கயிற்றை மனிதரோடும் சேர்ந்து இழுக்கின்றன, இன்னொரு நாயோடும் சேர்ந்து இழுக்கின்றன. ஆனால் யாரும் பழக்காமல் விட்டால் அதன் கண் போவது நம் கையை நோக்கித்தான். ஆயிரக்கணக்கான வருடமாக அப்படித்தான் பிழைத்திருக்கிறது.

நம் நாட்டிலேயே ஆய்வு உண்டு, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. கொல்கத்தாவில் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே பின்தொடர்கிறது. முன்பின் தெரியாத ஆள் தினமும் தீனி போடுவதைவிடத் தலையைத் தடவிக் கொடுத்தால்தான் தெருநாய் அவரை அதிகம் நம்புகிறது என்று 2017ல் காட்டினார்கள். இன்னொரு ஆய்வு படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கண்காணித்த 364 குட்டிகளில் இனப்பெருக்க வயது வரை பிழைத்தவை 19 சதவீதம். செத்தவற்றில் 63 சதவீதச் சாவுக்குப் பின்னால் ஏதோ ஒரு வகையில் மனிதர்கள். தடவும் கையும் நம்முடையது, கல்லெடுக்கும் கையும் நம்முடையது. கடிபட்டவர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை, என் தங்கை மகனும் ஊசி போட்டுக்கொண்டவன்தான். ஆனால் நன்றியுள்ள ஜீவன் என்று ஒரு நாளும் வெறிநாய் என்று மறுநாளும் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு நாயைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள்?

எங்கள் தெரு டீக்கடையில் ஒரு செவலை நாய் உண்டு. கடைக்காரர் தினமும் காலையில் அதன் காதைச் சொறிந்துவிட்டு ஒரு பொறை போடுவார். போன வாரம் அவர் ஊருக்குப் போயிருந்தார். மகன் கல்லாவிலிருந்தபடியே, போனைப் பார்த்துக்கொண்டு, ஒரு பொறையைத் தூக்கி எறிந்தான். செவலை மோந்து பார்த்தது. பிறகு கடை வாசலையே பார்த்து உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எதிர்ச்சாரியிலிருந்து ஒரு கறுப்பு நாய் வந்து பொறையைக் கவ்விக்கொண்டு ஓடியது. செவலை எழுந்திருக்கவேயில்லை.