லால்குடி ஜெயராமனும் நம்ம ஊர் வயலின் வகுப்பும்

"வயலின்ல சேர்க்கலாம்தான். ஆனா கடைசியில பாடறவங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிறதுதானே?" தருமபுரியில் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பலாமா, வயலினுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோர் மத்தியில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பக்கவாத்தியம் என்றால் ஒரு படி கீழே என்ற நினைப்பு. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. காரணம் கேட்டால் வயலின் மேதை லால்குடி ஜெயராமனைத்தான் காட்டுவேன்.

1930இல் பிறந்தவர். தியாகராஜரின் நேரடிச் சீடரான லால்குடி ராமய்யரின் வழி வந்த குடும்பம். அப்பா கோபால ஐயர்தான் குரு. வீட்டுக்குள்ளேயே குரு இருந்தால் சாதகத்துக்கு, அதாவது தினப் பயிற்சிக்கு, லீவு ஏது? 12 வயதிலேயே பக்கவாத்தியக்காரராக மேடை ஏறிவிட்டார். அதற்கப்புறம் அவர் எந்தெந்தப் பெரிய பாடகர்களுக்கு வாசித்தார் என்று பாருங்கள். அரியக்குடியின் கச்சிதமான மத்தியம காலம், ஜி.என்.பி.யின் மின்னல் வேகப் பிருகா உருட்டல், மதுரை மணி ஐயரின் இயல்பாக ஓடும் சர்வலகு சுவரம், ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிக் கணக்கு. செம்பை, செம்மங்குடி வேறு. ஒருவர் பாணிக்கும் இன்னொருவர் பாணிக்கும் சம்பந்தமே இல்லை. காசு கொடுத்தாலும் இப்படி ஒரு கல்லூரியில் இடம் கிடைக்காது.

அந்த இடத்தில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது கீழே இருந்து கேட்கிற நமக்குத் தெரிவதில்லை. சுருதி பாடுகிறவருடையது. ஒன்றரைக் கட்டையோ ஐந்து கட்டையோ, அதற்குத்தான் தந்தியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து என்ன கீர்த்தனை என்று பல நேரம் முன்கூட்டித் தெரியாது. ராகத்தை வார்த்தையில்லாமல் விரித்துப் பாடும் ஆலாபனையில் அவர் ஒரு பிடி பிடித்தால், அது முடிவதற்குள் நிழல் மாதிரி தொடர வேண்டும், முந்திவிடக் கூடாது. அவர் நிறுத்தியதும் தன் முறைக்கு அதே ராகத்தைச் சுருக்கமாக, ஆனால் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லாமல், வாசிக்க வேண்டும். ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவலில் சாகித்தியம், அதாவது பாட்டின் வார்த்தைகள், எங்கே பிரிகிறதோ அங்கே வில்லைத் திருப்ப வேண்டும். வீணைக்காவது விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் இருக்கின்றன. வயலினில் விரல் எங்கே நிற்க வேண்டும் என்று காதுதான் சொல்லணும்.

நம்ம பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வேஷக்காரர் விருத்தத்தை எங்கே இழுப்பார், எங்கே வெட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் முகவீணைக்காரரைக் கவனித்தவர்கள்தானே நாம்!

லால்குடி பாணி என்று இன்று சொல்கிறோமே, வயலின் 'பாடுகிறது' என்று, அது அந்தப் பக்கத்து இருக்கையில் வளர்ந்தது என்றே நினைக்கிறேன். அவரிடம் வயலின்காரர்கள் மட்டுமா படித்தார்கள்? பம்பாய் ஜெயஸ்ரீ அவருடைய சிஷ்யை. பாட்டுக்காரர் ஒருவர் பாட்டு கற்றுக்கொள்ள வயலின்காரரிடம் போயிருக்கிறார். படி கீழே என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

அப்புறம் அவருடைய உருப்படிகள். வர்ணங்களும் தில்லானாக்களும் செய்து குவித்தார். மோகனகல்யாணி, தேஷ், துவிஜாவந்தி ராகங்களில் அவர் செய்த தில்லானாக்களுக்கு ஆடாத பரதநாட்டிய மேடை குறைவு. தில்லானாவில் பெரும்பகுதி தாளத்துக்கான ஜதிச் சொற்கள்தான். சாகித்தியம் கடைசியில் சில வரி. அந்தச் சொற்கட்டுக்குள் ராகம் மூச்சுத் திணறாமல் இருக்க வேண்டும் என்றால், பாடுகிற தொண்டைக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்த ஆளுக்குத்தான் அது கைவரும் என்பது என் கட்சி. 'சிருங்காரம்' படத்துக்கு இசையமைத்து 2005ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் வாங்கினார். மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தன் இத்தாலிய வயலினை அவருக்குக் கொடுத்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள்.

சரி, அவருக்கு அப்பா வீட்டில் இருந்தார், பரம்பரை இருந்தது, நம்ம பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரம் ஒரு வகுப்புக்காகச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிற குடும்பங்கள் இங்கே உண்டு. ஆனால் கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, மிருதங்கம், பரதநாட்டியத்தோடு வயலினும் சொல்லித்தருகிறார்கள், மூன்று வருடப் படிப்பு. அந்த நான்கும் ஒரே கட்டடத்தில் கிடைப்பதைப் பெரிய வசதி என்பேன். வயலின் படிக்கிற பிள்ளை பக்கத்து வகுப்பில் பாடுகிற பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்துப் பழகலாம், நாட்டிய ஒத்திகைக்கு வாசிக்கலாம்.

இதை விட்டுவிட்டு, ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை முடிவதற்குள் சினிமாப் பாட்டை வாசிக்கவைத்து ரீல்ஸ் போடுகிறோம். போடட்டும், தப்பில்லை. ஆனால் மார்கழியில் பக்கத்துக் கோயிலில் திருப்பாவை பாடுகிற அம்மாக்கள் இருக்கிறார்களே, அவர்கள் பக்கத்தில் பிள்ளையை வயலினோடு உட்காரவையுங்கள். ஒருநாள் சுருதி ஏறும், ஒருநாள் இறங்கும், தாளம் ஓடும். பிள்ளை திணறட்டும். வகுப்பு தேடும்போதும் ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மாதத்தில் அரங்கேற்றம் என்பதை அப்புறம் கேட்கலாம். வாசிக்கிற பாடத்தை முதலில் வாயால் பாடவைப்பீர்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.